லா என்றாள் அத்தை

யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து தப்பி வந்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. புறப்பட்டது மூன்று பேர். ஊர் வந்து சேர்ந்தது அவள் மட்டும். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நான் அதற்குப் பிறகு பிறந்தவள்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அத்தைக்கு ஒரு பழக்கம் வந்தது. உச்சிவெயில் நேரத்தில் கொல்லைக் கதவில் சாய்ந்து, முந்திரிக்காட்டைப் பார்த்து “லா… லா…” என்பாள். வேறு பேச்சே இருக்காது.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மாமாதான் முதலில் அர்த்தம் சொன்னார். “அது இந்தி, அக்கா. ‘கொண்டா’ன்னு அர்த்தம். என்னமோ கேக்குறாங்க, குடுத்துப் பாரு.” அம்மா மோர் கொடுத்தாள், வெற்றிலை கொடுத்தாள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஜவுளி விற்க வந்த ராவுத்தர் சொன்னார்: “அரபியில லான்னா இல்லை, வேணாம் தாயி.” சரி, எதுவும் வேண்டாம் போலிருக்கிறது என்று அம்மா அதோடு விட்டுவிட்டாள்.

முந்திரிக்கொட்டை வாங்க அறந்தாங்கியிலிருந்து வந்த வியாபாரி பர்மாவில் கடை வைத்திருந்தவர். அத்தையின் குரல் கேட்டதும் சாக்கைக் கீழே போட்டார்.

“அங்கிட்டு யாருத்தா நிக்கிறது?”

“யாருமில்லையே அண்ணே. ஏன் கேக்குறீங்க?”

“பர்மாப் பேச்சுல அதுக்கு ‘வா’ன்னு அர்த்தம். புள்ளையக் கூப்புடுற மாதிரியில்ல கூப்புடுறாங்க!”

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். அடுத்த நாளும் தாழ்தான். அத்தை மூடிய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிடக் குரல் கம்மிக்கொண்டே போனது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“வந்தா வந்துட்டுப் போகட்டும்” என்று தாழை நீக்கிக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

காற்றே இல்லை. ஆனாலும் முந்திரிக்காட்டுக்குள் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடி கேட்டது. கிட்டத்தில் கேட்டது. பிறகு ஓய்ந்துவிட்டது. அத்தை ஒருமுறை மெல்ல “லா” என்றாள். சற்று ஒதுங்கி வழிவிட்டாள். தானே கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு அவள் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. தெளிந்துவிட்டாள் என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

அன்று மாலை அத்தையின் இலைக்குப் பக்கத்தில் அம்மா ஒரு சின்ன இலை போட்டாள். எனக்குத்தான் என்று ஓடி உட்கார்ந்தேன். அம்மா கையைப் பிடித்துத் தூக்கி என்னை எதிர்ப்பக்கம் உட்கார வைத்தாள். என் இடத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று அழுதேன். ஆளில்லாத அந்த இலைக்கு அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.