பதினேழு வருடக் காய்ச்சல்

போன செவ்வாய்க்கிழமை அக்கா பட்டறைக்கு வந்தார். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு பூவன் பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

என் பட்டறைதான் உங்களுக்குத் தெரியுமே. கணபதி ஏரியாவில் ஒரு சந்துக்குள், பத்துக்குப் பன்னிரண்டு அடி. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற இடம். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். அதைத் துடைத்துப் போட்டேன்.

"கீர்த்தனாவுக்குக் கல்யாணம், கண்ணு. வைகாசியில. மாப்பிள்ளை திருப்பூர்ல பனியன் கம்பெனி மேனேஜர். நல்ல பையன், உன்னைய மாதிரி பேசாம இருக்க மாட்டான்" என்றார் அக்கா.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. உறவு என்று சொல்ல சரசு அக்காவும் அக்கா மகள் கீர்த்தனாவும்தான். சந்தோஷமாகப் பத்திரிகையைப் பிரித்தேன். அட்டை தடிமன், எழுத்தெல்லாம் தங்கக் கலர். ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தேன். கீழே 'தாய்மாமன்' என்று போட்டிருந்தது.

பக்கத்தில் என் பெயர் இல்லை. பெரியப்பா மகன் செல்வராஜ் அண்ணன் பெயர் இருந்தது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு விசேஷமும் நகராது. காது குத்த மாமன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் மாமன் சீர் வேண்டும். கல்யாணத்தில் மாமன் முன்னால் நிற்க வேண்டும். கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் இன்னொருவர் பெயரை அச்சடிப்பது சின்ன விஷயமில்லை.

"அக்கா… இதுல செல்வராஜண்ணன் பேரு இருக்குதுங்க."

"ஆமா. அன்னிக்கு மாதிரி உனக்குக் காய்ச்சல் வந்துபோச்சுன்னா? முகூர்த்த நேரத்துல நான் யாரைத் தேடிட்டு ஓடறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சாணைக்கல்லில் கை பட்ட மாதிரி இருந்தது.

எந்தக் காய்ச்சல்? அதைச் சொல்வதற்கு முன்னால், வாசகர்களாகிய உங்களிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாலு வருடமாக இந்த வார இதழில் எழுதுகிறேன். 'அஞ்சாவது படிச்ச நீங்க இப்படி எழுத எங்கே பழகினீங்க?' என்று எத்தனையோ பேர் கடிதம் போட்டுவிட்டீர்கள். டீக்கடையில் பேப்பர் படித்துப் பழகினேன் என்று ஒரு வாரம் எழுதினேன். அது பொய். 'உங்கள் குலதெய்வம் எது?' என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அந்த வாரம் சட்டென்று மின்வெட்டைப் பற்றி எழுதிவிட்டேன். நினைவிருக்கிறதா?

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது காரமடைக்குப் பக்கத்தில், தகர ஷீட் போட்ட ஒரு சின்ன கிறிஸ்தவ சபையில், பைபிளை வைத்து.

பதினெட்டு வருடம் முன்பு, அங்கே போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனபோது ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். முடியட்டும் என்று வாசலில் செருப்புகளோடு செருப்பாக நின்றேன். போதகர் என் பேரைக் கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னார் — "மோட்டார் கட்ட வந்திருக்கிற தம்பி வேலுச்சாமியையும் பாத்துக்குங்க ஆண்டவரே. அவரு கைக்கு வலி வராம வெச்சுக்குங்க."

இருபது வருடமாகக் கம்பி சுற்றிச் சுற்றி என் வலது மணிக்கட்டு அப்போதே வலித்துக்கொண்டிருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்காக, என் பேர் சொல்லி, ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கோயிலில் அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம் கேட்டால் வாய் குழறி, 'சாமி பேருக்கே பண்ணிருங்க' என்று நழுவுகிற ஆள் நான். கூச்சம். பிறவிக் கோளாறு.

மோட்டாரைக் கட்டிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். மோட்டார் என்னவோ நன்றாகத்தான் ஓடியது…

பெரிய ஒளி எதையும் நான் பார்க்கவில்லை. மணிக்கட்டு வலியும் போகவில்லை. ஆனால் அங்கே கேள்விப்பட்ட இயேசு எனக்குப் பிடித்துப்போனார். அவரும் கையால் வேலை செய்து பிழைத்தவர். ஊர் ஒதுக்கியவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். எல்லோரும் சேர்ந்து கத்தும்போது வாயைத் திறக்காமல் நின்றவர். தன்னை அடித்தவனுக்காகவும் மன்னிப்புக் கேட்டவர். இப்படி ஒருவர் என்னைப் போன்றவனுக்காக உயிரைக் கொடுத்தார் என்பதை முதலில் யோசித்தேன். அப்புறம் நம்பினேன். ஒரு திங்கட்கிழமை காயிலுக்குச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தவன், எண்ணிக்கையை விட்டுவிட்டு அவரிடம் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எண்பதா, தொண்ணூறா தெரியவில்லை. பிரித்து மறுபடி சுற்றினேன். சுற்றி முடித்தபோது முடிவு செய்திருந்தேன். இனி இவர் பின்னால்தான்.

சிறுமுகைப் பக்கம் பவானி ஆற்றில் ஞானஸ்நானம். இடுப்பளவுத் தண்ணீர். "ஏசுவை விசுவாசிக்கிறீங்களா?" என்று போதகர் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"தலையாட்டினாப் பத்தாதுங்க தம்பி. தண்ணி சத்தத்துக்கு மேல எனக்குக் கேக்கோணும்."

"ஆமாங்க!" என்று கத்தினேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாழ்க்கையில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

பேரை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். "பேரு இருக்கட்டுங்க. ஆளு மாறினாப் போதும்" என்றார் போதகர். நல்ல மனதோடு சொன்னார். நான் அதை எனக்குச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன். வேலுச்சாமி என்ற பெயருக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று எவன் பார்க்கப்போகிறான்?

அடுத்த வருடம் கீர்த்தனாவுக்குக் காதுகுத்து. அப்போது அவளுக்கு ஐந்து வயது. காங்கேயம் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, என் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். சாமிக்கு முன்னால் நான் என்ன செய்வது? போதகரிடம் போய் நின்றேன்.

"போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். உங்க மனசு சொல்றதைச் செய்யுங்க. எதுவா இருந்தாலும் அக்காகிட்ட உண்மையைச் சொல்லிப்போடுங்க" என்றார்.

அந்தக் கடைசி வரிதானே கஷ்டம்?

முந்தின நாள் போன் செய்து, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இரண்டு தடவை இருமினேன் வேறு. மறுநாள் ஞாயிறு. காய்ச்சல்காரன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலை ஆறரை பஸ்ஸில் காரமடைக்குப் போய்ப் பாட்டுப் பாடினேன். அன்றைக்கு ஒரு பாட்டும் எனக்குள் இறங்கவில்லை.

அங்கே கோயிலில் கீர்த்தனாவைச் செல்வராஜ் அண்ணன் மடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு அவரை அவ்வளவாகப் பழக்கமில்லை. அவர் மீசையைப் பார்த்தே அழுதிருக்கிறாள். "மாமா வரட்டும், மாமா வரட்டும்" என்று திமிறியதில், இடது காதில் ஊசி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கும் அவள் கம்மல் போட்டால் இடது பக்கம் ஒரு நெல் அளவு தாழ்ந்துதான் தொங்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் கவனிக்காத நாள் இல்லை.

சரி, பட்டறைக்கு வருவோம்.

பத்திரிகை கையில் இருக்கிறது. அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். பதினேழு வருடம் கழித்து என் வாய் திறந்தது.

"அக்கா… அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்லீங்க."

அக்கா சொம்பைக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார்.

"எப்படிங்க?"

"காய்ச்சல்னா என்ன, வேன்ல படுத்துட்டே வரட்டும், புள்ளைக்கு மாமன் மடி வேணுமில்லன்னு உங்க மச்சான் வேனை உன்ற ஊட்டுச் சந்துக்கே திருப்பிட்டாரு. ஊடு பூட்டியிருக்குது. ஊட்டு ஓனரம்மா, 'ஞாயித்துக்கிழமையானா அவரு சர்ச்சுக்குப் போயிருவாருங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?'ன்னு கேக்குது. மச்சான் திரும்பி வந்து வேன்ல இருந்த இருபது பேருகிட்டயும், 'அவனுக்கு ரொம்ப முடியலை, எந்திரிக்கவே மாட்டேங்கறான்'னு சொல்லிட்டாரு. அன்னியிலிருந்து உனக்காக அவருதான்டா பொய் சொல்லிட்டிருந்தாரு."

மச்சான் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் நான்தான் கூட இருந்தேன். வாய் நிறையப் பேசினோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டுத்தான் சொந்தக்காரர்களை அழைப்பார்கள். அந்தக் கோயில் திருநீற்றுப் பொட்டலம் தட்டில் இருக்கும். இந்தத் தட்டில் இல்லை. போன வருடம் பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் வந்தது, திருநீறு வரவில்லை. கீர்த்தனா பெரியவளான சீரில்கூட நான் மாமனாக நின்றேன். பூசை எதுவும் வைக்காமல், வீட்டுக்குள்ளேயே சிக்கனமாக முடித்தார்கள். 'தப்பித்தோம்' என்று அன்றைக்கு மூச்சு விட்டேன். அக்காவுக்கு வயதாகிறது, மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

மறதியா? பதினேழு வருடமாக என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்க, இரண்டு பேரும் கூடிப் பேசிச் செய்திருக்கிறார்கள்.

"கோபமாங்க அக்கா?"

"நீ ஏசுவைக் கும்பிடறதுக்கு எனக்கென்னடா கோபம்? அதுக்கப்புறம்தான் நீ பீடியை விட்டே. எங்கிட்ட மறைச்சயே, அதுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கோயிலுக்கு வெளிய அந்த வேப்பமரத்தடியில உன்னைய உக்கார வெச்சிருப்பேன். ஆசாரி அங்க வந்து குத்த மாட்டானா? எனக்கு வேண்டியது உன்ற மடி." சொம்பில் மீதியிருந்த தண்ணீரையும் குடித்தார். பிறகு கேட்டார் — "அது சரி… பொய் சொல்லிட்டு வந்து பாட்டுப் பாடினா, உன்ற சாமி ஒத்துக்குமா?"

பதினெட்டு வருடத்தில் நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சின்னதாக இல்லை.

என் சாமிக்கு நான் உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை என இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அது சும்மா சாக்கு. குலதெய்வத்தைக் கும்பிடுகிற அக்கா என்னிடம் உண்மையாக நடந்துகொண்டார். உண்மையைக் கும்பிடுவதாகச் சொல்லிக்கொண்ட நான்தான் இருமிக் காட்டினேன். நான் இயேசுவை நம்பியதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அவரைத் தெரியும் என்று சொல்லக் கூச்சப்பட்டதற்குத்தான்… இப்போது வருத்தப்பட்டு என்ன? மச்சானுக்குக் கேட்காது.

"பத்திரிகையை மாத்த முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"ஐந்நூறு பேருக்குக் குடுத்தாச்சு. செல்வராஜே சீர் செய்யட்டும். இந்த வயசுல அவனைப் போய் வேண்டாம்னு சொல்ல முடியுமா?" அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "நீ வா. முன் வரிசையில உக்காரு. கூடப்பிறந்தவன் இருக்கறப்போ பெரியப்பன் மகன் எதுக்குச் சீர் செய்யறான்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. எங்கிட்டயும் கேப்பாங்க. 'அவனைக் கேளுங்க'ன்னு உன்னையக் கையைக் காட்டிருவேன். இத்தனை நாள் மச்சான் சொன்னாரு. எனக்கு இனித் தெம்பில்ல. நீயே சொல்லு."

"கீர்த்தனாவுக்குத் தெரியுங்களா?"

"அவ காதைத் தடவிட்டே, 'மாமன் எப்பம்மா சொல்லும்'னு கேட்டுட்டிருக்கறா, பத்து வருசமா."

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து வேலையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை எண்ணிக்கை தவறியது.

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. மண்டபத்தில் நாதஸ்வரமும் மைக்செட்டும் ஆற்றுத் தண்ணீரைவிடச் சத்தமாக இருக்கும். அதற்கு மேல் கேட்கிற மாதிரி ஒரு வரி சொல்ல வேண்டும். தினமும் ஷட்டரைச் சாத்திவிட்டு, மோட்டார்களைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன். அவை ஒன்றும் திருப்பிக் கேட்பதில்லை.

மனிதர்களில் முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் இயேசுவை நம்புகிறவனுங்க.

அப்பாடா… எழுத்தில் வந்துவிட்டது. இனிச் சத்தம்தான் பாக்கி.