எண்ணெய்ப் பிள்ளையும் பிளாஸ்டிக் டப்பும்

"வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லைங்களா?"

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட டப் கேட்டதற்கு, தேரடி வீதிக் கடைக்கார அம்மா இன்று காலை இப்படித்தான் திருப்பிக் கேட்டார்.

"என் ஒய்ஃப்புக்கு ஆபரேஷனுங்க. கால நீட்டி கீழ உக்கார முடியல."

"அப்ப யார் குளிப்பாட்டுவாங்க?"

"நான்தாங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய டப்பை எடுத்து வைத்தார். "ஒரு வயசு வரைக்கும் வரும்."

வீட்டுக்கு வந்ததும், எல்லார் வீட்டு வழக்கப்படி, மகளுக்கு உச்சி முதல் பாதம் வரை தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கினேன்.

காலில் போட்டுக் குளிப்பாட்டினால், எண்ணெய்ப் பிள்ளை இரண்டு கால்களுக்கும் நடுவே அசையாமல் கிடக்கும். வழவழப்பான டப்பில் பிடிமானமே இல்லை. என் கையிலிருந்து நழுவி, ஒரு நொடி அவள் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது.

வாரி எடுத்தேன். இருமினாள், பிறகு வீறிட்டு அழுதாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஏங்க, ஏன் இப்படி அழறா?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"கண்ல சோப்பு பட்டுடுச்சு."

குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "நல்லா குளிப்பாட்டியிருக்கீங்க. இனிமே எனக்கு அந்தக் கவலை இல்ல."

மகள் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். நான் டப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மனைவியும் இந்தப் பதிவைப் படிப்பாள். அதற்குள், காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டிப் பழகிய அப்பா யாராவது இருந்தால் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பொம்பளை இல்லையா என்று மட்டும் கேட்காதீர்கள்.