கழிமுகத்துக்குப் போனவள்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அம்மா ஒருத்திதான். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவள் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். கப்பலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை தங்கையைத் தூரதேசம் கூட்டிப்போன பிறகு திரும்பிப் பார்த்தால், அறையில் இரண்டு கட்டில், ஒரே ஆள்.

வேலை நாட்கள் நீராவிக்குள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறுதான் அவளைப் பிடித்துத் தின்றது.

அப்படி ஒரு ஞாயிறு, எங்கே போவதென்று தெரியாமல் பஸ் ஏறியவள் அசந்து தூங்கிவிட்டாள். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது கடைசி நிறுத்தம். ஆறு கடலோடு சேரும் இடம். கம்பிக் கதவுக்கு மேலே பறவைகள் சரணாலயம் என்று எழுதியிருந்தது. பிறந்து வளர்ந்த ஊரில் இப்படியொன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

கதவருகில் யாருமில்லை. உள்ளே போனாள். அலையாத்தி வேர்கள் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருந்தன. பாதை ஒரு மரமேடையில் போய் முடிந்தது. கீழே, நீர்நாய் ஒன்று குட்டிகளோடு கரையில் புரண்டு, ஒரு மீனுக்காக அடித்துக்கொண்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அங்க பாரேன்" என்று பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் கைப்பிடிக் கம்புதான் இருந்தது.

அந்த ஆட்டத்தில் லயித்திருந்தவள், கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறிப் பாதை மூழ்கியதைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் படகில் ரோந்து வந்த காவலாளிதான் அவளைப் பார்த்து, மேடையோரம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வீட்டுல தேடுவாங்களேம்மா. ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க."

தேட ஆளில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கையை அழைத்தாள். பிள்ளை அழுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்றாள் தங்கை.

"சரிம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்."

காவலாளி காதில் விழுந்திருக்கும். அவளைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார். கதவருகில் வந்ததும் சொன்னார்: "இனிமே என்கிட்ட சொல்லிட்டு உள்ள போங்க. வெளிய வந்தும் சொல்லணும். நீங்க வந்தாத்தான் கேட்டைப் பூட்டுவேன்."

எல்லோருக்கும் சொல்கிற விதிதான் அது, அவளுக்கும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் வழிநெடுக அதையே அசைபோட்டுக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போனாள். அவரோடு பேசியது மொத்தத்தில் கொஞ்சம்தான்: இன்று நாரை நிறைய, சேறு வழுக்கும், பார்த்துப் போங்க. மழைக்காலத்தில் சரணாலயத்தை மூடியிருந்தார்கள்; திறந்தபின் அவள் போனபோது அவருக்கு மாற்றலாகியிருந்தது. நாற்காலியில் புதியவர் ஒருவர் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார்.

அவள் நகரவில்லை. அவர் நிமிரும்வரை நின்றாள்.

"உள்ள போறேன். வெளிய வந்ததும் சொல்றேன்."

அவர் திருதிருவென்று விழித்துவிட்டுத் தலையாட்டினார். அவள் பாதையில் இறங்கினாள்.