ஏரிக்கடியில துஷி காட்டின பெருவிரல்

காயாத ரப்பர் மணம்... துஷியின்ர காரைத் திறந்தாலே மூக்கில அடிக்கும். பின் சீட் முழுக்க எங்கட டைவிங் சூட்டும் சப்பாத்தும்தான் கிடக்கும்.

அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. எம்மன்புரூக்கேயில ஒரு ஃபக்டரி லாப்பில வேலை. துஷிக்குப் பக்கத்து மேசை. ரெண்டு பேரும் இஞ்ச லுசேர்ண் பக்கமே பிறந்த பிள்ளையள். அவள் கனகாலமாச் சுழியோடுறவள். நான் கோர்ஸ் முடிச்சு ரெண்டு மாசம் கூட ஆகேல்லை.

"நோர்வேக்குப் போவமடி" எண்டு சொல்லிக்கொண்டே இருப்பாள். "கடலுக்கடியில மரம் மாதிரி வளர்ந்து நிக்கிற கெல்ப் பாசிக் காடு, அதுக்கங்கால மூழ்கின கப்பல்... இஞ்ச ஏரியில பழகினாத்தான் அந்தக் குளிர் தாங்கும்."

அதுக்காகத்தான் ஒவ்வொரு சனியும் லுசேர்ண் ஏரி. அம்மாவுக்கு "நீந்தப் போறன்" எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுவன். முழுப்பொய் இல்லைத்தானே...

இறங்க முதல் ஃபிளாஸ்க்கில இருந்து சுடுதண்ணியைக் கையுறைக்குள்ள ஊத்துவம். அஞ்சு நிமிசத்துக்குச் சொர்க்கம். பிறகு விரல் இருக்கோ இல்லையோ எண்டே தெரியாது.

அண்டைக்கு நல்ல வெயில். எங்கட டைவிங் கிளப்பில இருந்து மார்க்குஸ் எண்டவர் எங்களோட வந்து கரையில நிண்டவர். கரையோரம் தண்ணிச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து நிக்கும். அதுக்குள்ளால போகேக்க வெளிச்சம் பச்சையா ஆடும். அது முடிய ஒரு சரிவு. அங்கால இருட்டு.

இருபது மீட்டரில ஒரு படகு கிடக்குது. முந்தி கல்லு ஏத்தித் திரிஞ்சதாம். ரோர்ச் வெளிச்சம் அதில பட்ட உடன காலடிச்சுக் கிட்டப் போனன். என்ர வாழ்க்கையில முதல் தரம் பாக்கிற மூழ்கின படகு!

துஷி என்னைப் பாத்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

'சூப்பர்' எண்டு சொல்லுறாள் எண்டு நினைச்சன். நானும் பெருவிரலைக் காட்டிப்போட்டுப் படகைச் சுத்தி மற்றப் பக்கம் போயிட்டன்.

தண்ணிக்கடியில பெருவிரல் எண்டா "மேல போவம்" எண்டு அர்த்தம். நல்லம் எண்டு சொல்ல விரலை வட்டமாப் பிடிக்கோணும். கோர்ஸில முதல் நாளே படிப்பிச்சது. சோதினையில சரியாத்தான் எழுதினனான்.

அவள்ர வாயில இருந்த காற்றுக்குழாய் குளிருக்கு உறைஞ்சு, காற்று நிக்காமக் கொட்டத் தொடங்கியிருக்கு. குமிழ் நிறையப் பறந்ததை நானும் கண்டனான்... வடிவாயிருக்கு எண்டு நினைச்சன்.

திரும்பி வந்தா ஆளைக் காணேல்லை.

ஒரு நிமிசம் தேடிப்போட்டு மேல வரோணும் எண்டதுதான் சட்டம். நான் எவ்வளவு நேரம் தேடினன்? விளையாட்டுக்கு ஒளிச்சு நிக்கிறாள் எண்டு நினைச்சு, படகுக்குள்ளயும் எட்டிப் பாத்தன். சேறு கிளம்பினது. எது மேல, எது கீழ எண்டே பிடிபடேல்லை. கடைசியில என்ர குமிழ் போற பக்கத்தைப் பாத்துப் பாத்து மெல்ல ஏறினன்.

மேல வந்தா துஷி கொஞ்சம் தள்ளி மல்லாக்க மிதந்துகொண்டிருந்தாள். முகம் வெள்ளை. கண் அரைவாசி திறந்திருந்தது. இழுத்துக்கொண்டு கரைக்குப் போனன். காருக்குப் போயிருந்த மார்க்குஸ் அப்பதான் எங்களைக் கண்டு ஓடி வந்தார். அவர் கண்டது அது மட்டும்தான்... நான் அவளை இழுத்துக்கொண்டு வாறதை.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தவை. பின்னேரம் போனன். அவள்ர அம்மா என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு அழுதா.

"நீ இல்லாட்டி என்ர பிள்ளை இல்லை."

நான் துஷியைப் பாத்தன். அவள் சிரிச்சாள். "படகடியில இருந்து மேல வருமட்டும் என்ர கையை விடேல்லை இவள். அந்தப் பிடி இன்னும் நோகுது."

"இல்லையடி, நான் அங்கால..." எண்டு தொடங்கினனான்.

"உனக்குக் குளிரில மண்டை விறைச்சிட்டுது" எண்டாள். அவள்ர அம்மா கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சா. அதுக்குமேல என்னெண்டு கதைக்கிறது?

வீட்டை வந்து, ஆழத்தையும் நேரத்தையும் பதியிற என்ர டைவ் கொம்ப்யூட்டரைப் பாத்தன். கோடு கிடையாப் போய்க்கொண்டே இருந்தது. நான் கனநேரம் கீழதான் நிண்டிருக்கிறன்.

எனக்காகப் பொய் சொன்னவளோ? இல்லாட்டி உண்மையாவே அப்படி நினைக்கிறாளோ? எனக்கு விளங்கேல்லை. கேக்கவும் துணிவு வரேல்லை.

அடுத்த வருசம் அவள் கிளப் ஆக்களோட நோர்வேக்குப் போனவள். நான் லீவு இல்லையெண்டு சொல்லித் தப்பிட்டன். பிறகு நான் தண்ணிக்குள்ள இறங்கவே இல்லை.

இப்ப அவள் பூம்ப்ளிஸ் எண்ட ஊரில. ரெண்டு பிள்ளையள். போன மாசம் மூத்தவளின்ர பிறந்தநாளுக்குக் கூப்பிட்டவள். வந்த எல்லாருக்கும் திரும்ப அந்தக் கதை. "இவதான் என்னை மேல கொண்டு வந்தவ." அந்தச் சின்னப்பிள்ளை வாயைத் திறந்தபடி என்னைப் பாத்துக்கொண்டிருந்தது. நான் கேக்கை அப்படியே மேசையில வச்சிட்டன்.

அந்தக் காலத்துச் சனிக்கிழமை எண்டா ஏரி, விறைச்ச விரல், கார் ஹீட்டருக்கு முன்னால சிரிப்பு... இப்பத்தைச் சனிக்கிழமை எண்டா மகனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில விட்டுட்டுக் காருக்குள்ள இருந்து போன் பாக்கிறது. இதையும் அப்படி இருந்துதான் எழுதினனான்.

எல்லாரும் வாசிக்கப் போட முதல் துஷிக்கு அனுப்பினன். கொஞ்ச நேரத்தில கோல் எடுத்தாள்.

"விசரி... இவ்வளவு வருசமும் இதையோ வச்சுக்கொண்டிருந்தனி?"

"ஓம்."

"சரி, போடு. எனக்கு ஒண்டும் இல்லை."

நான் போனை வைக்கப் போனன்.

"நில்லடி..." எண்டாள். குரல் மாறியிருந்தது. "அப்ப கீழ என்ர கையைப் பிடிச்சது ஆர்?"

அவளும் வைக்கேல்லை, நானும் வைக்கேல்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையள் வெளியால வருமட்டும் ரெண்டு பேரும் அப்படியே லைனில இருந்தனாங்கள்.