யோகாவின் இடது தோள்

போன கிழமை புதுக்குடியிருப்பில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது இரண்டு பேர் மதிலில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறையக் கோதுமை மாப் பசை. தும்புத்தடியால் அள்ளி அள்ளிப் பூசினார்கள். நோட்டீஸில் யாருடைய முகம் என்று நான் பார்க்கவில்லை. அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு மாப் பசை என்றால் பட்டம் ஒட்டியது ஞாபகம் வருமாக்கும். பசை மணத்துக்குக் கோபப்படுகிற ஒரே ஆள் இந்த வன்னியில் நானாகத்தான் இருப்பேன். ஏன் என்று சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

போர் முடிந்து, முகாமிலிருந்து நாங்கள் மீளக் குடியேறி வந்த புதிது. ஸ்கந்தபுரத்தில் ஒரு நிறுவனம் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மெசின், ஒரு டம்மி. டம்மி என்றால் தலையும் கையும் இல்லாத அந்தப் பொம்மை. தைத்த உடுப்பை அதில் மாட்டி, எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்துத் திருத்துவோம். கொழும்பிலிருந்து வந்த அந்த டம்மிக்கு நேரான தோள், நிமிர்ந்த நெஞ்சு, சிறுத்த இடை. எங்கள் வகுப்பில் அப்படி ஒருத்தியும் இல்லை. குடம் சுமந்து ஒரு பக்கம் சரிந்தவர்கள், மூன்று பிள்ளை பெற்றவர்கள், உடம்புக்குள் இன்னமும் இரும்புத் துண்டோடு நடந்தவர்கள். டம்மியில் இளவரசிபோல நின்ற சட்டை வீட்டுக்கு வந்து எங்கள் மேலே ஏறியதும் சாக்குப்போல ஆகிவிடும். நாங்கள் பிழையா, டம்மி பிழையா என்று யோசிக்கவே எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

அப்போது ஊரெல்லாம் வீட்டுத்திட்டம். எந்த வளவுக்குப் போனாலும் வெறும் சீமெந்துப் பை. அந்தத் தடித்த பேப்பரைக் கீலம் கீலமாகக் கிழித்து, மாப் பசையில் தோய்த்து, பழைய ரீசேட் போட்ட உடம்பைச் சுற்றி மூன்று நாலு அடுக்கு ஒட்டினால் காய்ந்ததும் கோதுபோல நிற்கும். முதுகுப் பக்கம் கத்தரியால் வெட்டிக் கழற்றி, மறுபடி ஒட்டி, உள்ளே தேங்காய்த் தும்பு அடைத்து, ஒரு தடியில் குத்தி நிறுத்தினால் டம்மி தயார். முதலாவதை என்னை வைத்தே செய்தேன். அம்மா ஒட்டினார், திட்டித் திட்டி. வெயிலில் காய வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம் ஆடு வந்து என் இடுப்பை முழுதாகத் தின்றுவிட்டது. பசையின் ருசி. அதற்குப் பிறகு பசையில் வேப்பெண்ணெய் கலந்தேன்.

இரண்டாவது டம்மி யோகாவினுடையது. முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம் அவர்கள். பிறகு அவள் ஜெயபுரத்துக்குப் போய் அங்கே முன்பள்ளி ஆசிரியை ஆனாள். ஆசிரியை என்றால் சாறி உடுத்தாக வேண்டும். அவளுடைய இடது தோளை ஷெல் துண்டு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வலது தோளைவிட இரண்டு விரல் பதிந்து, பின்னால் ஒரு குழி. எந்தத் தையல்காரர் தைத்த பிளவுஸும் அவளுக்குக் கை தூக்கியதும் வழுகி இறங்கிவிடும். சாறியையும் பிளவுஸையும் சேர்த்து சேஃப்டி பின் ஒன்றால் குத்தி வைத்திருப்பாள். ஒருநாள் ஓடிவந்து கட்டிப்பிடித்த பிள்ளையின் கன்னத்தில் அந்தப் பின் கிழித்துவிட்டது. தாய் வந்து சத்தம் போட்டிருக்கிறாள். அடுத்த நாள் பின்னேரம் யோகா எங்கள் வாசலில் நின்றாள்.

"ஒவ்வொரு சட்டைக்கும் கழட்டிக் காட்டிக்கொண்டு நிக்க ஏலாதடி. கடைசியா உனக்கு ஒருக்காக் காட்டுறன். அதோட முடிஞ்சுது."

கதவைச் சாத்தி, யன்னலுக்குப் போர்வை கட்டினேன். இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்றாள். சீமெந்துத் தூசு கடிக்கிறது என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். குழிக்குள் கீலத்தை விரலால் அழுத்தி ஒட்டினேன். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீ மட்டும்தான் பாக்கலாம். வேற ஒருத்தருக்கும் காட்டக்கூடாது, விளங்குதோ?"

"அம்மாளாச்சி சத்தியமா ஒருத்தருக்கும் காட்டமாட்டன்."

அந்த டம்மியில் வைத்துத் தைத்த முதல் பிளவுஸ் நாவல் நிறம். இடது தோளில் மெல்லிய பஞ்சு வைத்து, கைக்குழியை முன்பக்கம் கொஞ்சம் தள்ளி வெட்டினேன். நாலு தரம் பிரித்துத் தைத்தேன், அவள் ஒரு தரமும் வரத் தேவைப்படவில்லை. போட்டுப் பார்த்தவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். பிளவுஸ் அசையவில்லை. மறுபடி தூக்கினாள். பிறகு என் சின்ன மருமகனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பின் இல்லாமல். அவள் அப்படிச் சிரித்ததை முகாமில்கூட நான் காணவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் பசையோடு சண்டைக்கு நிற்கப் போகிறேன்?

நிறுவனத்தின் இணைப்பாளர் ஒருநாள், அவர்கள் எனக்குத் தந்திருந்த மெசினைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். சேர் என்போம். மூலையில் துணி போர்த்தி நின்றதைக் கண்டு, கேட்காமலே துணியை உரிந்தார். "ஆ! உள்ளூர் வளத்தில செய்தனீங்களோ? கிளிநொச்சியில கண்காட்சி இருக்கு. இது வந்தாத்தான் எங்கட வகுப்புக்கு மதிப்பு. வாகனம் அனுப்புறன், குடுத்துவிடுங்கோ."

"ஓம் சேர்," என்றேன்.

அந்த "ஓம்" இன்றைக்கும் என் வாய்க்குள் கசக்கிறது. என்னிடம் ஏன் மறுப்பு வரவில்லை? வரிசையில் நின்று நின்று, பைலோடும் வாகனத்தோடும் வருகிற யார் எதைக் கேட்டாலும் தலையாட்டப் பழகியிருந்தோம். பதிவுக்கு ஓம், படத்துக்கு ஓம், கைநாட்டுக்கும் ஓம். மாட்டேன் என்றால் மெசினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். இதெல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் சாட்டு, சாக்குப்போக்கு. பாராட்டு என்றதும் எனக்குள்ளும் ஒரு பல்லிளிப்பு இருந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதே கதைதான். அவளுடைய உடம்பை நான் அள்ளிக் கொடுத்தேன்; யாருடையது என்று சேர் கேட்டதற்கு, ஜெயபுரம் முன்பள்ளி ரீச்சருடையது என்றும் சொன்னேன். வாகனம் வந்தபோது படுக்கை விரிப்பில் சுற்றி நானே தூக்கிக் கொண்டுபோய் ஏற்றினேன்.

கண்காட்சி மண்டபத்தில் அதற்கு ஒரு மேசை, மேலே ஒரு மின்குமிழ். வெறும் டம்மி, ஒரு துணி கிடையாது. குழி தெரிய வேண்டும் என்று முதுகைச் சனத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கீழே அட்டை: "காயப்பட்ட உடல், தளராத மனம். ஜெயபுரம் முன்பள்ளி ஆசிரியை ஒருவரின் வெற்றிக்கதை." பெயர் போடவில்லையாம், அதனால் பிரச்சினை இல்லையாம். ஜெயபுரத்தில் எத்தனை முன்பள்ளி ஆசிரியைகள் என்று அந்தப் படித்த மனிதருக்கு எண்ணத் தெரியாதா? என் கழுத்தில் ஒரு மாலை. படம் எடுத்தார்கள். நான் சிரித்தேன். அந்தப் படம் கையில் கிடைத்தால் இப்போதே அடுப்புக்குள் போடுவேன்.

பத்து மணிபோல முன்பள்ளி ஆசிரியைகளை பஸ்ஸில் ஏற்றிவந்து இறக்கினார்கள். யோகா நாவல் நிற பிளவுஸ் போட்டிருந்தாள். பக்கத்தில் வந்த ஒருத்தி அட்டையை உரத்து வாசித்துவிட்டு, "ரீச்சர், இது உங்கட..." என்று தொடங்கி அப்படியே நிறுத்தினாள். யோகா தன் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டாள்.

நான் மாலையோடு பின்னால் ஓடினேன். கேற் வாசலில் நின்றாள்.

"சேர்தான் கேட்டவர் யோகா. நான் என்ன செய்யிறது..."

"ஷெல்லும் என்னட்டக் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை."

அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

டம்மி திரும்பி வரவில்லை. கேட்கப் போனேன். "அது தலைமை அலுவலகத்துக்குப் போயிட்டுது தங்கச்சி," என்றார் சேர். மூன்றாம் முறை போனபோது சேரே இல்லை. திட்டம் முடிந்ததாம், நிறுவனமே போய்விட்டதாம். அந்தக் கட்டிடத்தில் இப்போது போன் கடை. எந்தக் களஞ்சியத்தில், எந்த உடைந்த கதிரைகளுக்கு நடுவில் அவளுடைய முதுகு கிடந்து கரையான் தின்றதோ தெரியாது. வேறொன்று செய்து தருகிறேன் என்று ஜெயபுரத்துக்கு இரண்டு தரம் போனேன். அவள் தேத்தண்ணீர் தந்தாள், சுகம் விசாரித்தாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்க விடவில்லை.

கடைசியாக அவளைக் கண்டது தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை, கிளிநொச்சியில் ஒரு துணிக்கடையில். ரெடிமேட் பிளவுஸ் குவியலில் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாங்கி என்னட்டத் தாவன், நான் பிரிச்சுத் தைச்சுத் தாறன். ஒரு மணித்தியால வேலை," என்றேன்.

"வேண்டாமடி. எனக்கு இது காணும், போதும்."

கோபமில்லாமல் சொன்னாள். கோபம் முழுவதையும் என்னிடம் விட்டுவிட்டாள் போலும். பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூடவே போனேன். பஸ் வந்தது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடிக்க இடது கையைத் தூக்கினாள்; போட்டிருந்த ரெடிமேட் பிளவுஸ் தோளிலிருந்து வழுகியது. கையைக் கீழே விட்டாள். வலது கையால் ஒரு சேஃப்டி பின்னைத் தேடி எடுத்து, பஸ் நிறையச் சனம் பார்த்திருக்க, அந்தத் தோளில் தானே குத்திக்கொண்டு ஏறினாள்.