அலசக்கூடாத நுரை

புளித்த பியர் எங்கே மணத்தாலும் எனக்கு அந்தக் கைத்துணிதான் நினைவுக்கு வரும். பாரிஸின் லா ஷப்பலில் உணவகமொன்றில் கோப்பை கழுவும் நண்பனும் நானும் என் சமையலறையில் பியர் காய்ச்சிப் பழகினோம். ஒவ்வொரு முறையும் புளித்தது. அவன் புறநகரான ஆர்ஜொந்தெய்க்கு வீடு மாறுமுன் ஒன்றாவது நன்றாக வரவேண்டுமென்று கடைசியாக ஒருமுறை காய்ச்சினோம்.

வேலை முடிந்து வந்த அலுப்போடு, பியரை நொதிக்கவிடும் எவர்சில்வர் அண்டாவைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு கிருமி கொல்லும் மருந்தைக் கலக்கி உள்ளே சுழற்றினேன். நுரை படர்ந்தது. அதை அலசாமல் பியரை ஊற்றவேண்டும்; அலசித் துடைத்தால் கிருமி திரும்பத் தொற்றிப் புளித்துவிடும்.

கதவு மணி அடிக்க எழுந்து போனேன். திரும்புவதற்குள் அவன் அண்டாவைக் குழாயில் அலசி, கைத்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டான்.

"நுரையோடை சட்டியை விட மனம் வருமே, அண்ணை?"

பகல் முழுக்க ஊராருடைய சட்டி கழுவிய கை அது. மருந்துப் போத்தல் காலி. திட்டவும் தெம்பில்லாமல் அப்படியே பியரை ஊற்றி மூடினேன்.

அவன் புறப்பட்ட நாளில் திறந்தோம். புளிப்பு. இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தோம். அண்டாவை அவனுக்கே கொடுத்து, மெத்ரோ வாசல்வரை போனேன்.

"அங்கை போயாவது நுரையை அலசாதை."

"ஓம் அண்ணை. ஒருக்கா மட்டும் அலசுறன்."