நார்மா ஒப்புக்கொண்ட கிரெடிட்

பள்ளியிலேயே படித்த கல்லூரிப் பாடத்தை மறுபடி படிக்காமலிருக்கக் கிரெடிட் கேட்டு யார் வந்தாலும், கல்லூரி அலுவலகத்தில் அதை முடிவுசெய்யும் நார்மா பாடத்திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். நெப்ராஸ்காவில் பனி விடுமுறைகள் விழுங்குவது கடைசிப் பாடங்களைத்தான். தன் குடும்பத்தின் முதல் பட்டதாரியான கெண்ட்ரா, பக்கத்து மேசையிலிருந்து பல வருடங்களாக இதைக் கவனித்துவந்தாள்.

ஹேலி என்ற பெண்ணின் வேதியியலில் கடைசி இரண்டு பாடங்கள் நடத்தப்படவில்லை. கிரெடிட் கிடைக்காவிட்டால் அவளுடைய நர்சிங் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும். கெண்ட்ராவாக இருந்தால் மறுத்திருப்பாள். நார்மா கெண்ட்ராவையும் கூட்டிக்கொண்டு வேதியியல் பேராசிரியர் லிண்ட்க்விஸ்டிடம் போனார்.

"கன்னுக்குட்டிக் கண்காட்சிக்கு லீவு விடுற பள்ளிக்கூடம். அங்க என்னத்த கெமிஸ்ட்ரி?" என்றார் அவர்.

"அதே கண்காட்சியில பரிசு வாங்கின ஆள்தானே சார் நீங்க? கிரெடிட் குடுத்து அடுத்த வகுப்புல உக்கார வைங்க. பி கிரேடுக்குக் கீழ போனா, ஒரு தட்டு சினமன் ரோல் சுட்டுக் கொண்டாறேன்."

"நம்ம ஊரு வழக்கப்படி தொட்டுக்கக் காரமா சிலி சூப்பும் வேணும்."

"அதுவும்தான்."

டிசம்பரில் ஹேலிக்கு சி கிடைத்தது. நர்சிங்கில் சேர அது போதுமானதாக இருந்தது. ஆனாலும் நார்மா சொன்ன பி வரவில்லையே, மறுத்திருக்க வேண்டும் என்ற தன் கணக்குதானே சரி என்று கெண்ட்ரா யோசித்தாள். சீருடை போட்ட ஹேலி ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து இருவரையும் கட்டிக்கொண்ட பிறகு, அந்த யோசனையில் அவளுக்கு அவ்வளவு பிடிப்பில்லை.

நார்மா பந்தயக் கடனைத் தீர்க்காமலே ஓய்வுபெற்று மகள் ஊருக்குப் போய்விட்டார். லிண்ட்க்விஸ்ட் இப்போதும் மாடிப்படியில் கெண்ட்ராவை மறிப்பார்.

"எங்கம்மா என் சினமன் ரோல்?"

"அடுப்பு சரியில்லையாம் சார்."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன," என்று சிரித்துக்கொண்டே அவர் வகுப்புக்குப் போவார்.